முகம் சுளிக்காதவள்

பகவதிக்கு மூக்குச் செத்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. மூக்கு என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது. அதில் சிவப்புக் கல் மூக்குத்தியும் இருந்தது. மணம் மட்டும்தான் போய்விட்டது. இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி பகவதி. மற்றவர் களுபோவில ஆஸ்பத்திரி மூக்குக் கிளினிக்கில் இருந்த டொக்டர் விஷ்ணுப்பிரியா. கட்டின புருஷனுக்குத் தெரியாது. ஜிந்துப்பிட்டியில் ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டுக்குக் கேட்கிற சந்துக்குள் குடியிருந்துகொண்டு ஒருத்தி இதை இவ்வளவு காலம் மறைத்தாள் என்றால், அவளுடைய கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும். அந்தக் கெட்டித்தனம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

மறைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் சுபாஷினி என்ற யாழ்ப்பாணத்து அம்மாவின் கறித்தூள்கடை இருக்கிறது. கனடாவுக்கும் லண்டனுக்கும் பறக்கிற சூட்கேஸ்களில் உடுப்புக்கு நடுவே சுருட்டி வைக்கப்படுவது பாதிக்குமேல் அந்தக் கடைத் தூள்தான். பின்பக்கத் தகரக் கொட்டிலில் இரண்டு பெரிய தாச்சிகளை அடுப்பில் ஏற்றி, பதினொரு வருஷமாகச் சரக்கு வறுப்பவள் பகவதி. பார்க்கிறவர்களுக்கு அது கை வேலை மாதிரித் தெரியும். உண்மையில் அது மூக்கு வேலை. மல்லி பச்சை வாடை விட்டு வறுபட்ட வாசம் பிடிக்கிற அந்த நொடியில் தாச்சியை இறக்க வேண்டும். வெந்தயம் ஒரு நொடி பிந்தினால் கசந்துவிடும். மணம் தெரியாத வறுவல்காரியை எந்தக் கடையில் வைத்திருப்பார்கள்? அதனால் பகவதி மல்லியின் நிறத்தைப் பார்த்து, மிளகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, மனசுக்குள் எண்ணிக்கை போட்டு வறுத்தாள். இரண்டொரு தடவை கருகத்தான் செய்தது. சுபாஷினி அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தொடக்கத்தில் அது வெறும் சளித் தடிமன்தான். செத்தல் மிளகாய்ப் புகைக்கு மூக்கு அடைக்காதா என்ன என்று விட்டுவிட்டாள். பிறகு கண்ணுக்குக் கீழே, இரண்டு கன்னத்து எலும்புக்குள்ளும் பாரம் ஏறி உட்கார்ந்தது. குனிந்தால் நெற்றி தெறித்தது. மஞ்சளாகச் சளி தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பீனிசம் என்றார்கள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் மருந்துக் கடைப் பொடியன் சொட்டு மருந்து ஒன்று கொடுத்தான். இரண்டு சொட்டு விட்டால் மூக்கு மதகு திறந்தது போலத் திறக்கும். அரை நாளில் முன்னையைவிட இறுக்கமாக அடைக்கும். மறுபடியும் இரண்டு சொட்டு. இப்படி வருஷம் ஓடியது. ஒரு நாள் காலையில் கோப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது வெறும் சுடுதண்ணியை ஆற்றுவது போல இருந்தது. அன்றைக்குத்தான் மணம் போனது அவளுக்கே தெரிந்தது.

வேலை முடிந்த ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் களுபோவிலைக்குப் போனாள். டொக்டர் வெளிச்சம் வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார்.

"அம்மா, இது தடிமன் இல்லை. மூக்கைச் சுத்தி எலும்புக்குள்ள சின்னச் சின்னக் காத்தறையள் இருக்கு. அதுகளின்ர உள்தோல் வீங்கிப்போய் நிக்குது. பன்ரண்டு கிழமைக்கு மேல இப்பிடி இருந்தா அது நாள்பட்ட பீனிசம். உங்களுக்கு ரெண்டு பக்கமும் முந்திரிகைப்பழக் குலை மாதிரிச் சதையும் வளந்திருக்கு. மணம் மேல ஏறுறதுக்கு வழியே இல்லை."

"நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க டொக்டர். மருந்துக் கடையில குடுத்த சொட்டு மருந்தும் விட்டேன், அன்டிபயட்டிக்கும் நாலு தடவ வாங்கிப் போட்டேன். ஒண்ணுக்கும் கேக்கல."

"இது கிருமிக்குக் குடுக்கிற மருந்தில போற சாமான் இல்லை. காலமையும் பின்னேரமும் கொதிச்சாறின தண்ணியில உப்புக் கலந்து மூக்கைக் கழுவ வேணும். பச்சைத் தண்ணி எடுக்கக்கூடாது. கழுவின பிறகு இந்த ஸ்ப்ரே. மூண்டு மாசம் ஒரு நாளும் விடக்கூடாது. அந்தச் சொட்டு மருந்தை இண்டையோட நிப்பாட்டுங்கோ. அதைத் தொடர்ந்து விட்டா அதுவே மூக்கை அடைக்கும். என்ன வேலை செய்யிறியள்?"

"வீட்டு வேலைதாங்க," என்றாள் பகவதி. டொக்டருக்கும் ஒரு பொய். உடனே அவளே கேட்டாள்:

"மூணு மாசத்துல சுகமாயிடுமா?"

"சுகமாகும் எண்டு சொல்ல மாட்டன். கட்டுப்பாட்டில வச்சிருக்கலாம். வீட்டில ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கோ?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருக்குங்க."

"அப்ப உங்களுக்கு விளங்கும். அதைப் போலத்தான் இதுவும். ஒவ்வொரு நாளும் பாக்க வேணும். சரிவராட்டி ஒப்பரேஷன் செய்து சதையை எடுக்கலாம். அதுக்குப் பிறகும் கழுவத்தான் வேணும்."

பகவதி பத்தொன்பது நாள் கழுவினாள். உப்புத் தண்ணீர் நெற்றிவரை ஏறி எரிந்தது. மூக்கு திறக்கவும் இல்லை, மணம் வரவும் இல்லை. இருபதாம் நாள் சொட்டு மருந்துக்கே திரும்பிவிட்டாள். புருஷன் ஒரு பிளேன்டீக்குச் சீனி கூடப் போட்டால் சந்து அதிரச் சத்தம் போடுகிறவள், தன்னுடைய ஸ்ப்ரே போத்தலைச் சீனி டின்னுக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தாள். கிளினிக் கார்டும் அங்கேயே கிடந்தது.

புருஷன் ஏகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமை. நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான் அந்தப் பட்டம். முப்பது வருஷமாக வெங்காயமும் பருப்பும் அவன் முதுகில் ஏறி இறங்கின. வாயும் அவனுக்கு லேசுப்பட்டதல்ல. பெண்டாட்டியின் மூக்கைப் பற்றி அவன் பெருமை பேசாத கடை அந்தத் தெருக்களில் இல்லை. "எவன் கடையில டீ குடிச்சேன், எவன்கிட்ட பீடி வாங்கினேன், எல்லாம் வாசல்ல நிக்கும்போதே சொல்லிப்புடுவா. அந்த மூக்குக்கு ஒண்ணும் தப்பாது" என்பான். மூக்குப் போன பிறகும் பகவதி சட்டைக் கறையைப் பார்த்துச் சொல்லிச் சமாளித்தாள். அவனிடம் உண்மையைச் சொன்னால் மறுநாள் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெரு முழுக்கத் தெரியும். அது ஒன்று. இன்னொன்று, இருபத்தெட்டு வருஷத்தில் அவன் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான். அதையும் இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வைகாசி மழை தொடங்கின சமயம் புதுச் செருப்பு ஏகப்பனின் வலது உள்ளங்காலைக் கடித்தது. சீனி வருத்தக்காரனுக்கு உள்ளங்காலில் உணர்ச்சி ஏது? நாலு நாள் அந்தப் புண்ணோடு மூட்டை தூக்கிவிட்டு, நடந்த இடமெல்லாம் ஈரம் படிவதைப் பார்த்த பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வந்து காட்டத் தவணை போட்டார்கள். டில்ஷானி என்ற தாதி பகவதிக்கு மருந்து கட்டப் பழக்கிவிட்டாள். தெரிந்த தமிழை எல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"அம்மா, கட்டு எல்லா நாளும் மாத்த வேணும். மேலுக்குச் சின்ன ஓட்டை, உள்ளுக்கு ஆழம். கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும்." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "நாத்தம் வந்தா ஒரு நாளும் நிக்க வேணாம். உடனே கூட்டிட்டு வாங்க. சரியா?"

"சரிங்க மிஸ்," என்று பகவதி தலையாட்டினாள்.

அந்த இடத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஏகப்பன் இருந்தான். அவள் யோசித்தாள்: அவர் கால், அவருக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு, நாறினால் சொல்லாமலா இருக்கப் போறார்?

தினமும் வேலை முடிந்து வந்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஏகப்பனின் காலை மடித்த போர்வைமேல் தூக்கி வைத்துக் கட்டு மாற்றுவாள். ஜன்னல் ஒன்றுதான். மழை மூட்டத்தில் அதிலும் வெளிச்சம் வராது. பல்பைப் போட்டுக்கொண்டு, முகத்தைக் காலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். ஓட்டை சின்னதாகிக்கொண்டு வருவது போலத்தான் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம். முருகன் கோயிலுக்கு ஒரு அருச்சனை நேர்ந்துகொண்டாள்.

எட்டு ஒன்பது நாள் கழித்து, இரண்டாம் கிழமையில், ஏகப்பன் சாம்பிராணி போடச் சொன்னான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே?"

"போடேன் புள்ள. வீட்டுல கெடக்குறவனுக்குச் சாமி ஞாபகம் வரக்கூடாதா?"

கோயிலுக்கு உள்ளே வராமல் வாசலில் செருப்பைக் காவல் காக்கிறவனுக்குப் பக்தி வந்துவிட்டதே என்று அவள் கேலி பண்ணிக்கொண்டே போட்டாள். பிறகு தினமும் கேட்டான். பிறகு ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் போத்தல் ஒன்று வாங்கி வரச் சொன்னான். தலையிடிக்குத் தடவத்தான் என்று நினைத்தாள். அவன் அதைப் போர்வையிலும் உடுத்தியிருந்த சாரத்திலும் ஊற்றிக்கொண்டான். கொலன்னாவையில் இருக்கிற மகள் ஸ்ரீலேகா போன் எடுத்தபோது, "கைப்புள்ளய தூக்கிக்கிட்டு இந்த மழையில வராத தாயி. ஊரெல்லாம் காய்ச்சல்" என்று தடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு ருக்கியா முன்பெல்லாம் கட்டில் காலடியில் உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போகிறவள். இப்போது கறிக் கிண்ணத்தை வாசலிலேயே நீட்டினாள்.

"உள்ள வாயேன் ருக்கியா."

"இல்லக்கா, அடுப்புல சோறு ஈக்கி. நானா எப்படி ஈக்கிறாரு?" என்று அண்ணன் முறை சொல்லி ஏகப்பனை விசாரித்தாள்.

"புண்ணு ஆறிட்டு வருது."

ருக்கியா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். கண் கலங்கியது. "அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பகவதிக்கு ஒன்றும் புரியவில்லை. மனஸ்தாபம் ஏதோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கட்டு அவிழ்க்கும்போது ஏகப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்கு ஒண்ணும் தோணலையா பகவதி?"

"என்ன தோணணும்? வாய் சுருங்கிட்டு வருது. இன்னும் பத்து நாள்ல எந்திரிச்சு நடப்பீங்க."

அவன் அழுதான். வலிக்கிறதோ என்று கையை எடுத்தாள். உணர்ச்சியில்லாத காலில் வலி எப்படி வரும் என்று அந்த நேரம் அவளுக்குத் தோன்றவில்லை.

நாலாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் ஏகப்பனுக்கு நடுங்கியது. மழைக் குளிர் என்றான். காலையில் பகவதி கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ரீலேகா குழந்தையோடு வந்து இறங்கினாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள். திரும்பி ஓடிப்போய்ச் சாக்கடைக் காணோரம் வாந்தி எடுத்தாள்.

"அம்மா! என்னம்மா இது? பொணம் நாறுற மாதிரி நாறுது! ஒனக்கு மணக்கலையா?"

பகவதி கையில் கரண்டியோடு நின்றாள். அந்த ஒரு கேள்வியில் சாம்பிராணி, ஓடிக்கொலோன், ருக்கியாவின் கண்ணீர் எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. அவள் வாய் திறக்குமுன் கட்டிலில் இருந்து ஏகப்பன் கத்தினான்.

"அவளக் கேக்காத! யாரும் அவள ஒரு வார்த்த கேக்கக் கூடாது! அவ பொறுத்துக்கிட்டா. ஒன்னால ஒரு நிமிஷம் நிக்க முடியல. அவ பதினாறு நாள் பொறுத்துக்கிட்டா!"

திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்ன ஓட்டைக்கு உள்ளே குதிகால் எலும்புவரை அழுகியிருந்தது. விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிருக்குப் பார்க்கலாம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோவதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஏகப்பனின் கை அனலாகச் சுட்டது. அந்தக் கையால் பகவதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மொத நாளே எனக்குத் தெரிஞ்சிருச்சு புள்ள. அழுகின வெங்காய மூட்டைய அவுத்தாப்பல வந்துச்சு. செத்தோம்னு நெனச்சேன். நீ கட்டு மாத்த ஒக்காந்தப்ப மூக்கப் பொத்துவேன்னு பாத்தேன். நீ பொத்தல. மறுநாளும் பொத்தல. மூஞ்சிய கிட்டக் கொண்டுபோய்த் தொடைச்ச. ஒரு சுளிப்பு இல்ல."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"எங்கண்ணன் கால இப்படித்தான் எடுத்தாங்க. அவன் அதோட போயிட்டான். அந்தப் பயம். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேன் பகவதி. சத்தியமா வந்திருப்பேன். நீ சொல்லல. எம் பயம் தெரிஞ்சுதான் நீ சொல்லாம இருக்கேன்னு நெனச்சேன். அந்த மூக்க வச்சுக்கிட்டு இவளே பொறுக்குறா, இன்னும் நாலு நாள் பாப்போம்னு…" மூச்சு வாங்கினான். "ஊரு பூரா ஒன் மூக்கப் பத்திச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒன் மனசப் பத்தி ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. எந்திரிச்சு வந்து சொல்லணும்."

பகவதியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கு மணமே தெரியாதுங்க. ரெண்டு வருஷமா தெரியாது. ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். அவன் முகத்தைப் பார்த்தாள். கலியாணம் கட்டின நாளில் இருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை எப்படி அணைப்பது?

"எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லீங்க," என்றாள். அது பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை.

காலை எடுத்தார்கள். நாலாம் நாள் விடியற்காலை ஏகப்பன் போய்விட்டான்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பற்றி இரண்டு வார்த்தையும் பகவதியைப் பற்றி இருபது வார்த்தையும் சொன்னார்கள். சந்துக்குள் ஒருவரும் நிற்க முடியாத அந்த வாடையில் இவள் பக்கத்தில் இருந்து சோறு ஊட்டினாள், ஒரு நாள் மூக்கில் துணி வைத்தவள் இல்லை என்றார்கள். கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்று நாட்டாமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ருக்கியா அவளைக் கட்டிக்கொண்டு, "நான் வாசலோட நிண்டனே அக்கா, என்ன மன்னிச்சுக்கோங்கோ" என்று அழுதாள். பகவதிக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு புகழ்ச்சியும் கன்னத்தில் அறைந்தது. யாராவது ஒருவர் அவளைத் திட்ட மாட்டார்களா என்று இருந்தது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் சீனி டின்னுக்குப் பின்னால் இருந்த கார்டை எடுத்துக்கொண்டு களுபோவிலைக்குப் போனாள். இந்தத் தடவை வறுவல் வேலையையும் சொட்டு மருந்துக்குத் திரும்பியதையும் மறைக்காமல் சொன்னாள். டொக்டர் திட்டவில்லை. சொட்டு மருந்தை விட்டதும் இரண்டொரு கிழமை மோசமாக அடைக்கும், பயப்படாதீர்கள் என்றார். சில நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார். "மணம் வரலாம், வராமலும் விடலாம் அம்மா. ஆனா இந்த முறை விடாதேங்கோ" என்றார்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போய்ச் சுபாஷினியிடமும் சொல்லிவிட்டாள். சுபாஷினி கணக்குக் கொப்பியை மூடி வைத்தாள்.

"ஏனக்கா முதலே சொல்லேல்லை? அந்தப் புகைக்குள்ள இவ்வளவு காலமும் நிண்டிருக்கிறியள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களைப் பை கட்டுற பக்கிங்குக்கு விட்டிட்டு, வறுக்க வேற ஆளைப் போட்டிருப்பனே. நான் என்ன, உங்களைத் துரத்தியே விடப்போறன்?"

அதைக் கேட்ட பிறகுதான் பகவதி அழுதாள். புருஷன் செத்ததற்குச் சேர்த்து அங்கே, மல்லி மூட்டைமேல் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷனுக்காக மட்டும் அழுகிறாள் என்று நினைத்துக் கடைப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள் தவறவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றி, உப்புக் கலந்து, காணோரம் குனிந்து நின்று ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டு மறு துவாரத்தால் வெளியே விட்டாள். எரிச்சல் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். பிறகு ஸ்ப்ரே. வேலைக்கு முகமூடி. கன்னப் பாரம் குறைந்தது, சளி குறைந்தது, தூக்கம் வந்தது. ஏகப்பனின் கட்டிலில் மட்டும் அவள் படுக்கவில்லை. தலையணையையும் மடித்த போர்வையையும் வைத்த இடத்தில் வைத்தபடியே விட்டிருந்தாள். அவற்றைத் துவைக்க மனம் வரவில்லை. மூக்கு ஒரு நாள் வந்தால், அவன் தலையணையில் அவன் வாசம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்ற ஆசை. ஸ்ரீலேகா எத்தனையோ தடவை எடுத்துப் போடச் சொல்லிவிட்டாள்.

கழுவத் தொடங்கிப் பதினோராம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் பகவதி பெருஞ்சீரகத் தூளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முகமூடியை இறக்கி நெற்றியைத் துடைத்தபோது, எங்கோ தூரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போல ஒன்று வந்தது. பெருஞ்சீரகம். கையை மூக்கருகே கொண்டுபோனாள். பெருஞ்சீரகமேதான். கட்டாத பையை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஈர மண்ணும் டீசலும் பொரித்த வடையும் விட்டு விட்டு வந்தன. எதிலும் நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்து நேரே கட்டிலுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். நல்லெண்ணெயும் பீடியும் வேர்வையும் கலந்த அந்த வாசம் கொஞ்சம், மிகக் கொஞ்சம் வந்தது. "வந்துட்டீங்களா" என்று வாய்விட்டே சொன்னாள்.

அடுத்த மூச்சில் மற்றது வந்தது. காலடியில் இருந்த போர்வையிலிருந்து, காய்ந்து போயும் சாகாமல் வந்தது. ஓடிக்கொலோனாலும் சாம்பிராணியாலும் மறைக்க முடியாமல் போன அதே நாற்றம். தன்னை அறியாமல் கை எழுந்து மூக்கைப் பொத்தியது. பொத்திய கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, போர்வையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் குனிந்தாள்.

ருக்கியா வாசலுக்கு வந்தாள். "என்னக்கா, இந்த நேரத்துல வந்தீக்கிறீங்க? ஐயோ, அதத் தூக்கிப் போடுங்கோ அக்கா. அன்னைக்கெல்லாம் பொறுத்தது போதாதா?"

பகவதி நிமிர்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நான் ஒண்ணும் பொறுக்கல ருக்கியா. எனக்கு இன்னிக்குத்தான் மணக்குது."

ருக்கியா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பகவதி மறுபடியும் போர்வைமேல் குனிந்தாள்.

"இவ்வளவு நாத்தத்துலயாங்க கெடந்தீங்க?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியலையேங்க."